ஏறுகிறவர்களின் தெரு

திருத்தணி ஸ்டேஷன் தெரு மலைக்கோயிலால் பிழைத்தது என்று பலர் சொல்வார்கள். நான் அங்கே டிபன் கடை வைத்திருந்தவன். அந்தத் தெருவைப் பிழைக்க வைத்தது ரயில்தான்.

கரி வண்டி ஓடிய நாளில் பக்தர்கள் ஸ்டேஷனில் இறங்கி எங்கள் தெரு வழியாகத்தான் மலைக்கு நடந்தார்கள். வண்டி வருவதற்கான கைகாட்டி சாய்ந்ததும் நான் அடுப்பிலிருந்து இட்லியை இறக்குவேன். மற்ற கடைக்காரர்கள் வாசலில் நின்று, "வாங்க சாமி, இங்க வாங்க!" என்று கூவுவார்கள். முகம் தெரியாதவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் மிஞ்சியவர்களே என் கடைக்குப் போதும்.

பிறகு மலை மேலேயே பஸ் ஏற ஆரம்பித்தது. கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று. தேங்காய்க் கடை, பூக்கடை என்று எங்கள் தெருவில் ஒவ்வொன்றாக மூடினார்கள். என் மனைவியின் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை போட்டிருந்தார். பாவா என்று நான் கூப்பிடும் அவர் ஒருநாள் வந்தார்.

"மாப்ளே, எத்தினி நாளு இப்படி ஈ ஓட்டிகினு இருப்பே? என் கடையில பாதி எடம் தர்றேன், வந்துடு."

"அங்க கூவிக் கூவிக் கூப்புடணுமே, பாவா."

"கூவாம? உன்ன தேடிகினு முருகனா வருவான்?"

மனைவி சிரித்துவிட்டாள். ஆடிக் கிருத்திகை முடிந்ததும் கடையைக் காலி செய்வதாக ஒப்புக்கொண்டேன்.

அதற்குள் மின்சார ரயில் வந்தது. பழைய கூட்டம் திரும்பும் என்று நம்பி, சென்னையிலிருந்து வரும் வண்டிக்கு இட்லி வார்த்துக் காத்திருந்தேன். இறங்கியவர்கள் நேரே பஸ்ஸுக்குப் போனார்கள். தினமும் மாவு மிஞ்சியது. ரயில் என்றால் இறங்குகிறவர்கள் என்றே எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழகியிருந்தது.

ஒருநாள் விடியற்காலை தண்ணீருக்குப் போன மனைவி குடத்தை இறக்கும் முன்பே சொன்னாள்:

"எறங்கறவங்களையே பாத்துகினு இருக்கீங்க. சென்னைக்குப் போற மொத வண்டிக்கு எவ்ளோ பேரு ஓடறாங்க தெரியுமா? பாதிப் பேரு கையில சோத்து டப்பாவே இல்ல."

மறுநாள் விடிவதற்குள் புளிசோறும் எலுமிச்சை சோறும் கட்டி வைத்தோம். சென்னையில் ஆபீஸ் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, இரண்டு நாள் வாங்கிவிட்டு மூன்றாம் நாள் சொன்னார்: "பொட்டலம் பையெல்லாம் எண்ணெ ஆக்குதுங்க. சாயங்காலம் டப்பாவ வச்சிட்டுப் போறேன். காலையில ரொப்பி வைங்க."

அவரைப் பார்த்து மற்றவர்களும் டப்பாவை விட்டுப் போனார்கள். மாறிவிடக் கூடாது என்று, மனைவி தன் பிறந்த ஊரான அம்மையார்குப்பத்திலிருந்து தறிக் கழிவு நூல் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் கட்டினாள். சிவப்பு நூல்காரர், பச்சை நூல்காரர் என்று தினமும் அதே முகங்கள். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மூடிக் கிடந்த தேங்காய்க் கடையில் ஒருவர் சைக்கிள் ஸ்டாண்டு வைத்தார். டீக்கடை திறந்தது.

கிருத்திகை முடிந்த மறுநாள் காலையில் பாவா சாமான் ஏற்ற மாட்டு வண்டியோடு வந்து நின்றார். வாசலில் டப்பா வாங்குகிறவர்களின் நெரிசல்.

"இன்னா மாப்ளே, இன்னும் ஒண்ணும் கட்டி வைக்கலியா?"

"நான் வரல பாவா," என்றேன். "ரயிலு வர்ற நேரம். கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் ஓரமாகத்தான் நின்றார். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு, "மஞ்ச நூலு யாருது?" என்று டப்பாக்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.