முப்பத்தொரு சதவீதம்

காலை ஆறரை மணிக்குக் கீழே இறங்கிப் பார்த்தபோது காரின் திரையில் முப்பத்தொரு சதவீதம் என்று இருந்தது. தண்ணீர் மோட்டார் போட வந்த யாரோ இரவே என் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். அன்று என் மனைவிக்கு அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசித் தடவை. ஊரப்பாக்கத்தில் இருக்கிற எங்களுக்கு மதுராந்தகம் தாண்டி ஒரு சின்ன ஊர், அதிலிருந்தும் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு பள்ளியில் சென்டர் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

மேலே போனேன். "சார்ஜ் இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"இருக்கு, கிளம்பு" என்றேன்.

மின்சாரக் கார் வேண்டாம், ஊரை விட்டு வெளியே போனால் எங்கே சார்ஜ் போடுவது என்று ஒரு மாதம் சண்டை போட்டவள் அவள். நான்தான் செயலியைத் திறந்து, வழிநெடுகப் பச்சைப் புள்ளிகளைக் காட்டி அவள் வாயை அடைத்தேன். அப்படிப்பட்டவளிடம் போய் முப்பத்தொன்று என்று எப்படிச் சொல்வது? அந்தச் சின்ன ஊரிலேயே இரண்டு பச்சைப் புள்ளிகள் இருந்தன. செங்கல்பட்டில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பாளே என்று அங்கேயும் நிறுத்தவில்லை. இப்படியும் ஒரு மனுஷனுக்கு ரோஷம் இருக்குமா என்று இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

ஏசியை அணைத்துவிட்டு, காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்றேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை முந்தின. அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தாள். எனக்குக் கண் முழுக்கத் திரையில்தான்.

முதல் புள்ளி ஒரு ஓட்டல் வாசல். அங்கே சார்ஜர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. இன்னும் கனெக்‌ஷனே வரவில்லையாம். இரண்டாவது ஒரு கல்யாண மண்டபம். அன்று பார்த்து முகூர்த்தம். சார்ஜரை அடைத்துக்கொண்டு சமையல்காரர்களின் வேன் நின்றது. டிரைவரைக் காணோம். மண்டபத்து வாட்ச்மேனைக் கேட்டால், "சாப்ட்டுகினு இருக்காரு சார், பந்தி முடிஞ்சா வந்துடுவாரு" என்றார்.

காரில் நான்கு சதவீதம். மணி எட்டே கால். பந்திக்குள் புகுந்து டிரைவரைத் தேடினேன். யாரோ பெரியவர் என்னைப் பெண் வீட்டுக்காரன் என்று நினைத்து, இலை போட்டு உட்காரச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்தபோது அவள் ஹால் டிக்கெட்டோடு ரோட்டில் நின்றிருந்தாள். திரையைப் பார்த்திருக்கிறாள். தேர்வுக்கு செல்போன் ஆகாது என்பதால் போனை என் கையில் கொடுத்தாள். வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேன் நகர்ந்து, சார்ஜ் கொஞ்சம் ஏறி, நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. கேட் பூட்டியிருந்தது. தாமதமாக வந்ததால் உள்ளே விடப்படாத ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். ஒரு பெண் தரையிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கிட்டே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் மனைவி அதில் இல்லை. ஆனாலும் நிம்மதி வரவில்லை. ஆட்டோ வழியிலேயே நின்றிருந்தால்? அவள் போன் என் பையில் அல்லவா இருந்தது. இரண்டரை மணி நேரம் செத்துப் பிழைத்தேன்.

பன்னிரண்டரைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். கேட்டைச் சாத்தும்போதுதான் உள்ளே நுழைந்தாளாம். பேப்பர் எப்படி என்று கேட்டேன்.

"முதல் இருபது கேள்வி எதுவுமே மண்டையில ஏறல" என்றாள். "காலைலயே சொல்லியிருந்தீங்கன்னா நான் ரயில் ஏறிப் போயிருப்பேன்."

திரும்பும் வழியில் அதே மண்டபத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டோம். செங்கல்பட்டு வந்ததும் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னாள். வீடு வரைக்கும் சார்ஜ் இருக்கு என்றேன். இந்தத் தடவை அது உண்மை. அவள் கதவைத் திறந்து இறங்கி, டிக்கெட் வரிசையில் போய் நின்றாள்.