சிவப்புத் தகரம்

நோர்வூட் கடைவீதிக்குப் பின்னால், முன்பக்கம் சிவப்பும் பின்பக்கம் கறுப்புமாக ஒரு தகரக் கூரை வீடு. முன்னறையில் வீட்டுக்காரர், பின்னறையில் வாடகைக்கு நானும், தையற்கடையில் வேலை செய்த என் கணவரும். வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்ந்தவர், ஒண்டிக்கட்டை. எனக்கு வாய் நீளம், அவருக்குக் குரல் பெரிது. எங்கள் சண்டைகூட அண்ணே, தங்கச்சி என்றுதான் தொடங்கும்.

அந்த வருஷம் மழை பிடித்தபோது எனக்கு ஏழாவது மாதம். கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்த காலத்தில் முதல் பிள்ளையை ஈரத்திலும் சளியிலும் பறிகொடுத்தவள் நான். இன்னொன்றைக் கொடுக்க என்னால் முடியாது.

“அண்ணே, தகரத்தை மாத்துங்க. மாத்துற வரைக்கும் வாடகை கிடையாது!”

“நல்லா இருக்கே கதை! வாடகை வராம தகரத்துக்கு நான் எங்க போவேன்?”

“அது உங்க பாடு. வீட்டுக்காரருன்னா சும்மாவா?”

என் கணவர் என்னை உள்ளே இழுத்தார். “கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன். வெளிய போங்கன்னுட்டா எங்க போறது?” நான் மசியவில்லை. இரண்டு மாதம் ஒரு சதம் கொடுக்கவில்லை. வாசலில் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அதைவிட வெடுக்கென்று திருப்புவேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் மகளைப் பெற்றுக்கொண்டு கொட்டும் மழையில் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது, பின்பக்கத்துக் கறுத்த கூரையில் ஒரு சிவப்புத் தகரம். ஆணிக்கு ஆணி தார் பூசியிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. “பாத்தீங்களா, கறாரா நின்னாத்தான் நடக்கும்!” என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாடகையோடு முன்னறைக்குப் போனேன்.

கதவைத் தள்ளியதும் அவர் கத்தினார். “உள்ள வராத! புள்ள நனைஞ்சிரும்!”

அவருடைய சிவப்புக் கூரையில் ஒரு தகரம் அகலத்துக்கு ஓட்டை. அதில் கட்டியிருந்த, லொறியை மூடும் பழைய படங்கு வழியாகத் தண்ணீர் கொட்டியது. கட்டிலை மூலைக்கு இழுத்துப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு மனுஷன் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே இது?”

“நான் லொறியிலயே பாதி ஆயுசு படுத்தவன். எனக்கென்ன?”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு பிரியம் அந்த மனுஷன்மேல்! அழுதுகொண்டே வாடகையை அவர் கையில் திணித்தேன்.

“முதல்ல இந்தக் கூரையைப் போடுங்க. போடாட்டி அடுத்த மாசமும் வாடகை கிடையாது!”