காகிதத்தில் இளையவன்

என் சித்தப்பா மகன் என்னைவிட மூன்று நாள் இளையவன். அரசாங்கக் கணக்கில் இரண்டு வருஷம் இளையவன். இந்த வித்தியாசத்தை நினைத்து எனக்கு வயிறு எரிந்த அளவுக்கு வேறு எதை நினைத்தும் எரிந்ததில்லை. இத்தனைக்கும் அவன் நல்லவன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சங்கராபுரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் அவசரம். ஒன்பது மணி பஸ்ஸுக்கு அப்பா எட்டு மணிக்கே ரோட்டில் நிற்பார். முதல் தூறலுக்கே மல்லாட்டை என்கிற நிலக்கடலையை விதைப்பார். அதற்குப் பிறகு மழை வராமல் விதை கருகி, மறுபடியும் விதைப்பார். அந்தப் பக்கம் சித்தப்பா, “ஆவட்டும், இப்போ இன்னா?” என்று பீடி பற்றவைப்பார். பெரும்பாலும் அவர் காட்டு மல்லாட்டைதான் நன்றாகக் காய்த்தது.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளைத் தலைமையாசிரியரே பிறந்த தேதியாகப் போட்டுக்கொள்வார். எனக்கு நாலு வயதில் கை எட்டவில்லை. அப்பா என் தலையைச் சாய்த்துப் பிடித்துத் தொடவைத்தார் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். சித்தப்பா தன் மகனை ஆறு வயது நிறைந்த பிறகு ஆடி அசைந்து கூட்டிப்போனார். அவனுக்கும் ஐந்து என்றே எழுதினார்கள். அன்றைக்கு யாருக்கு அது பெரிதாகத் தெரிந்தது? நான் ஏழாவது படிக்கும்போது அவன் ஐந்தாவது. அவன் எதிரே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தவன்தான் நானும்.

இருவரும் ஆசிரியர் பயிற்சி முடித்தோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கழனி வேலையைப் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். எனக்கு வயது வரம்பு முடியப் பத்து மாதம் இருந்தபோது இன்டர்வியூ கார்டு வந்தது. அவனுக்கும் வந்தது. இருவருக்கும் ஒரே நாள், கடலூரில்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டை மறித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்டர்வியூ நாளில் பஸ் ஓடாது என்று ஊரே சொன்னது. அப்பா காதில் வாங்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்தால் மறிப்பதற்குள் தாண்டிவிடலாம் என்று விடியுமுன்னே என்னைக் கிளப்பிவிட்டார். கள்ளக்குறிச்சிக்கு நாலு மைல் இருக்கும்போது ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தவன் என் சித்தப்பா மகன்.

“இன்னைக்கி உனுக்கு இன்டர்வியூ இல்லையாடா?” என்று கத்தினேன்.

“நமக்கோசரம்தான் கேக்கறாங்க, நானே வரலன்னா எப்டி? இந்தக் கார்டு போனா இன்னொன்னு வரும். எறங்குண்ணே, இன்னா அவசரம்?”

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பத்து மாதம் மிச்சம் இருக்கிறவனுக்கு நியாயம் எங்கே ஏறும்? ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி வரைக்கும் நடந்தேன். அதற்கு அப்பாலும் மரங்கள் கிடந்தன. கால் வீங்கி வீடு திரும்பினேன்.

இன்னொரு கார்டு வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, அவனுக்கு மட்டும். நான் வரம்பைத் தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனுக்குக் காகிதத்தில் வயது இன்னும் மிச்சம் இருந்தது. வேலை உத்தரவைக் கொண்டுவந்து என் அப்பா காலில் விழுந்தான். அப்பா திருநீறு பூசிவிட்டுக் கழனிப் பக்கம் போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. நான் சாப்பிட்டேன். ஆத்திரத்தில் இரண்டு பங்கு சாப்பிட்டேன்.

கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனைப் போட்டார்கள். சில வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம், அவனுக்கு அரிசியும் ஊறுகாயும் கொண்டுபோய்க் கொடுக்கும்படி சித்தி கேட்டாள். உடனே ஒப்புக்கொண்டேன். பாசத்தில் அல்ல, மலையில் அவன் படும் பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில். கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் ஏறி, இறங்கி இரண்டு மைல் நடந்து போனால், ஆள் மினுமினுவென்று உட்கார்ந்திருக்கிறான். தலையில் ஒரு நரை இல்லை. எனக்குப் பாதி வெளுத்துவிட்டது.

புதிதாகச் சேர வந்த ஒரு சிறுமி தன் அம்மாவோடு அவன் மேசை எதிரே நின்றாள்.

“எப்போம்மா பொறந்தா?”

“சாமை அறுக்கறப்போ சார்.”

“எந்த வருசம்?”

அந்தம்மா நிதானமாக யோசித்தாள். “மழ ஜாஸ்தியா பேஞ்சிதே, அந்த வருசம்.”

அவனும் தலையாட்டிக்கொண்டான். இருவருக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் கடைசி பஸ் போய்விடுமே என்று உட்கார முடியவில்லை. சிறுமியின் கை காதைத் தாண்டித் தாடை வரைக்கும் வந்தது. ஏழு வயதுக்குக் குறையாது. அவன் ஐந்து என்று எழுதினான்.

அவர்கள் வெளியே போனதும் பிடித்துக்கொண்டேன். “ஏன்டா, ஏழு வயசுப் பொண்ணுக்கு அஞ்சுன்னு எழுதற. வாத்தியார் பண்ற வேலையா இது?”

அவன் ரிஜிஸ்தரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இங்க வந்த நாள்லேர்ந்து அப்டித்தாண்ணே எழுதறேன். நாளைக்கி இதுங்களுக்கு ஒரு வேலைன்னு வரும்போது, ரோடு மறிச்சிட்டாங்க, மழ வந்துட்ச்சின்னு வயசு போயிடக் கூடாது பாரு. உன்ன நெனச்சிக்கினுதான் எழுதறேன்.”

கொண்டுபோன ஊறுகாய் ஜாடியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அதே நொடியில் முன்பின் தெரியாத அந்தச் சிறுமி மேலும் பொறாமை வந்தது. என்ன மனுஷன் நான்? அவளுக்கு எழுத ஒருவன் இருந்தான், எனக்கு இல்லை என்றுதான் மனசு போனது.

அவன் மகனும் என் மகனும் ஒரே வருஷம் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அவன் மகன் ஊரில் சித்தியிடம் இருந்தான்.

“என் பையன அடுத்த வருசத்துக்கு மேல சேத்தா போதும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்” என்றான். “உன் பையன சேத்துட்டியாண்ணே? இன்னா தேதி குடுத்த?”

“சேத்தாச்சி” என்றேன். தேதியைச் சொல்லவில்லை. அவன் மகனைவிட என் மகன் ஒரு வகுப்பாவது மேலே இருக்க வேண்டும் என்று, போன வாரம்தான் நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.