வரிசையில் கேட்ட கேள்வி

1. கேட்டுக்கு வெளியே

மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்பே பள்ளிக்கூட கேட்டை வெளியிலிருந்து மறித்துவிட்டார்கள். "கர்ப்பப்பை ஊசியாம்லா. போட்டா நாளைக்குப் பிள்ளை தங்காதாம்லா" என்று ஒரு குரல். "எங்க பிள்ளையள வெளிய விடுங்க" என்று அதற்குப் பின்னால் பல குரல்கள். டெங்கு, கொரோனா எல்லாம் பார்த்த ஆள் நான். மருந்துப் பெட்டியைத் திறக்காமலே ஓரமாக வைத்தது அன்றைக்குத்தான்.

அப்போது வடகரைப் பக்கம் சமுதாய நல செவிலியராக இருந்தேன். கிராம செவிலியர்களை மேற்பார்வை பார்க்கும் வேலை. ஒன்பது வயது முதல் பதினான்கு வரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி ஊசி, ஒரு நாள் முகாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பின்னாளில் வராமல் தடுக்கிற ஊசி அது. ஒரு தொண்டு அமைப்பு இலவசமாகத் தந்திருந்தது. வெளியில் போட்டால் இந்த ஊர்க் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அன்று காலை பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டவர்கள்தான். காலையில் சம்மதித்தவர்கள் மதியத்துக்குள் எப்படி மாறினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சாரல் சீசன். மருந்து வண்டி குற்றாலம் கூட்டத்தில் மாட்டித் தாமதமாக வந்தது. அந்த நேரத்தில் நான் தலைமையாசிரியை அறையில் போனும் கையுமாக இருந்தேன்.

கிராம செவிலியர் செல்வியைப் பிடித்தேன். "ஏட்டி செல்வி, வராண்டாவுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். நேரம் போகுதேன்னு பிள்ளையள வரிசையா நிறுத்தி விவரம் கேட்டேன். காய்ச்சல் இருக்கா, அலர்ஜி இருக்கா, வயசுக்கு வந்தாச்சான்னு."

"அம்மாக்க எல்லாம் பக்கத்துல நிக்கும்போதா?"

"வளரிளம் பெண்கள் முகாம்ல எப்பவும் கேக்குறதுதான மேடம்?"

இரத்தசோகை முகாமில் அப்படிக் கேட்டுக் கேட்டு நாக்குக்குப் பழகிப்போன கேள்வி. இந்த ஊசிக்கு அது தேவையே இல்லை. வயதுக்கு வந்தவளுக்கும் வராதவளுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. செல்விக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது.

"யாரு முதல்ல பிள்ளைய இழுத்துட்டுப் போனா?"

"பூமாரி அக்கா. இசக்கிட்ட கேட்டேன், அவ அழுதுட்டா."

2. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

இசக்கி ஒன்பதாம் வகுப்பு. அடுத்த மாதம் அவளுக்குப் பதினைந்து பிறக்கிறது. அன்று விட்டால் அவளுக்கு இலவச ஊசி கிடையாது. பூமாரி தென்னந்தோப்பில் கூலி வேலைக்குப் போகிறவள். தாயும் மகளும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார்கள். பிள்ளை முகத்தை மூடிக்கொண்டிருந்தது.

"பூமாரி, பிள்ளை தங்காதுன்னு நீயும் நம்புதியா?"

"ஆமா சிஸ்டர்."

"என் முகத்தப் பாத்துச் சொல்லு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சிஸ்டர், இவ வயசுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. யாருக்கும் தெரியாது. என் தம்பி பட்டாளத்துல இருக்கான். அவன் லீவுல வந்து, தாய்மாமன் சீரு வச்சாத்தான் சடங்கு. அதுக்கு முன்னால ஊருக்குத் தெரிஞ்சிட்டுன்னா என் வாசல்ல காலு வைப்பானா அவன்? வரிசையில நின்னா வயசுக்கு வந்தவன்னு ஆயிருமாம்லா. எல்லாரும் அப்படித்தான் பேசுதாவ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே கத்துகிறவர்களில் இன்னும் எத்தனை பேர் வீட்டில் இதே கதையோ? இதை வெளியே சொல்ல முடியாது. "பிள்ளை தங்காது" என்பதை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லலாம். நான் பிள்ளைப்பேறு பற்றி மட்டும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரை கேட் திறந்திருக்காது.

"எதுவும் கேக்க மாட்டேன். ரூமுக்குள்ள, கதவச் சாத்திப் போடுதேன். வருவியா?"

"சின்னப் பிள்ளையளும் போட்டா யாரும் எதுவும் நினைக்க மாட்டாவ. எம்பிள்ளைய முன்னால நிறுத்தாதிய" என்றாள்.

3. துருப்பிடித்த ஆணி

கேட்டில் முன்னால் நின்றவர் தேங்காய் வியாபாரி சுடலைமுத்து. அவர் மகள் ஐந்தாம் வகுப்பு, பார்த்தாலே குழந்தை. இவரை வளைத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

"அண்ணாச்சி, வயசுக்கு வந்தாலும் வராட்டாலும் ஒரே ஊசிதான். யாருட்டயும் எதையும் கேக்கப் போறதில்ல." இதை எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். இது தப்பான பழக்கத்துல வார நோயாம்லா. எம்பிள்ளைக்கு எதுக்கு? ஊசியப் போட்டு எங்கனயும் போன்னு விடச் சொல்லுதியளா?"

"ஒழுங்கா ஒரே புருசனோட இருந்த பொம்பளையளுக்கும் வருது அண்ணாச்சி, நானே பாத்திருக்கேன். சரி, டிடி ஊசி போட்டவன்லாம் துருப்பிடிச்ச ஆணியத் தேடிப் போயா மிதிக்கான்?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சுடலைமுத்துவுக்கும் உதடு கோணியது. நான் விடவில்லை. புற்று முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களை நான் துடைத்துவிட்டிருக்கிறேன். அந்த வாடைக்குப் பயந்து வீட்டார் அவர்களைத் தொழுவத்தில் படுக்கவைத்ததைச் சொன்னேன்.

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை தங்குறதுக்கு ஒண்ணும் ஆவாதே? சத்தியமா?"

"சத்தியமா ஒண்ணும் ஆவாது."

கேட்டைத் திறந்து உள்ளே வந்து, மகளைக் கூட்டிக்கொண்டு ஊசி போடும் அறைக்கு வந்தார். அவரைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்தார்கள். பிறகு சிறுசும் பெருசும் கலந்தே வந்தார்கள். பூமாரியைத்தான் காணவில்லை. வண்டிக்காரர் கிளம்ப வேண்டும் என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். சாக்குச் சொல்லி நிறுத்தினேன்.

4. கதவைச் சாத்திய பிறகு

கடைசி ஆட்களோடு பூமாரி இசக்கியை அழைத்து வந்தாள். கதவைச் சாத்தினேன். காய்ச்சல் உண்டா, அலர்ஜி உண்டா, அவ்வளவுதான் கேட்டேன். இசக்கி கண்ணை இறுக்க மூடினாள். போட்டு முடித்ததும் "அவ்வளவுதானா?" என்றாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்லி அவளை அடுத்த அறைக்கு அனுப்பினேன்.

பூமாரி போகவில்லை.

"எங்கள மாதிரி ஆளுவளுக்கு இந்த ஊசி இல்லையா சிஸ்டர்?"

"உங்களுக்கு டெஸ்ட் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வா, நானே பாக்குதேன்."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, பஞ்சை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எடையில எடையில ரத்தம் படுது. கொஞ்ச நாளாவே. அவுகளுக்குக்கூடத் தெரியாது."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துப் பார்த்தேன். சந்தேகமாக இருந்தது. தென்காசிக்கு நானே கூடப் போனேன். புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்து அங்கேயே சரிசெய்தார்கள். தம்பி லீவில் வந்து சடங்கு நடந்தபோது, பந்தியில் இலைக்கு இலை ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தவள் பூமாரிதான்.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஊரார் சத்தமாகச் சொல்லும் காரணத்துக்குப் பதில் சொல்லுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். வராண்டாவில் எதையும் கேட்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள், பிள்ளைக்கு ஊசி போட வந்தவள் தன் கதையையும் சொல்வாள்.