சீசன்காரருக்குப் பன்னிரண்டும் நல்ல மாதம்

பாலைவனம் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வேனில் ஏறி உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். இந்த ஊருக்கு எந்த மாதம் வந்தால் நல்லது? வந்து இறங்கிய பிறகு இதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். நல்லவேளை, வண்டி ஓட்டுகிறவனிடம் யாரும் கேட்பதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிற எங்கள் கைடிடம்தான் கேட்பார்கள். கேட்டதும் ஆள் ஓரடி உயர்ந்துவிடுவார்.

"சரியான நேரத்துலதான் வந்திருக்கீங்க!"

டிசம்பரில் இதைச் சொன்னால் நியாயம். மார்ச்சில் கண்ணைத் திறக்க முடியாமல் புழுதி அடிக்கும்போதும், "பாலைவனம்னா இதுதாங்க, மத்த மாசம் வர்றவங்களுக்கு இது கிடைக்குமா?" என்பார். ஜூலையில் வேன் கைப்பிடியைத் தொட்டால் கை பொத்துப்போகும். அப்போதும் மனிதர் அசரமாட்டார். "கூட்டமே இல்லை பாருங்க, மொத்த ஊரும் உங்களுக்குத்தான்" என்று வாய் கூசாமல் சொல்வார். வியர்வையில் நனைந்து நிற்கிறவர்களும் அதைக் கேட்டுப் பூரித்துப்போவார்கள். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சீசன்காரர்.

அவருடைய சரக்கு வீட்டில் மட்டும் விலை போகவில்லை. அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கிற மருந்துக் கவுன்டரில் அண்ணிக்கு வேலை. அங்கே ஜன்னல்கூடக் கிடையாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான். குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், மணல்மேட்டில் இவரோடு உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சீசன்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. "கூட்டம் குறையட்டும்" என்பார். கூட்டம் குறைவதற்குள் வெயில் வந்துவிடும். ஒரே ஒரு தடவை, ஜூலையில் லீவு கிடைத்ததென்று பட்டப்பகலில் அழைத்துப் போனார். அண்ணி வேனிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார், சுட்ட வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டார். சுற்றுலா அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு ஓட்டியவன் நான்.

இந்த வருடம் விஷயம் வேறு. எப்போதும் மழை பெய்கிற ஏதோ ஒரு ஊரில் அவர்கள் மகள் வீடு வாங்கியிருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் இனித் தன்னோடுதான் இருக்க வேண்டும் என்று விமான டிக்கெட்டும் போட்டுவிட்டாள். மார்ச்சில் இருவரும் ஊரைவிட்டே போகிறார்கள். இதைவிட்டால் அண்ணிக்கு இன்னொரு குளிர்காலம் கிடையாது. அது தெரிந்தும் இந்த மனிதர் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றே பிப்ரவரி வரை இழுத்துவிட்டார். எனக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஹோட்டல் வாசலில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் வந்தார். சீசன்காரர் பழக்கதோஷத்தில், "வெல்கம் மேடம், பார்த்து ஏறுங்க" என்று கை நீட்டினார். கையைப் பிடித்த பிறகுதான் அது யார் கை என்று தெரிந்தது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"நீ எங்க இங்க?" என்று கிசுகிசுத்தார்.

"டிக்கெட் வாங்கியிருக்கேன் சார். உங்க ஆபீஸ்லதான்" என்றார் அண்ணி, வேன் முழுக்கக் கேட்கும்படி.

அன்றைக்கு மைக்கில் அவருக்குக் குரலே ஏறவில்லை. சொன்ன ஜோக்கையே மறுபடி சொன்னார். அண்ணி கடைசி வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெளியூர்க்காரர் மாதிரி ரோட்டையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்.

அண்ணி என்ன செய்யப்போகிறாரோ என்று அன்றைக்கு நானும் அவர்களோடு மணல்மேட்டில் ஏறினேன். எல்லாரும் உட்கார்ந்ததும் ஒரு பயணி அந்தக் கேள்வியைக் கேட்டார். எந்த மாதம் வந்தால் நல்லது? சீசன்காரர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கையைத் தூக்கினார்.

"சார், எனக்கு முதல்ல சொல்லிடுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஊர்லயே குடியிருக்கிறவங்க எந்த மாசம் வந்தா நல்லது?"

கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

சீசன்காரர் மைக்கைக் கீழே இறக்கினார். "தெரியலைம்மா" என்றார். மேடம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. "நான் இதைப் பார்த்ததே இல்லை."

தினமும் வருகிற மனிதர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கும் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. பயணிகள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்க, இவர் அவர்களைப் பார்த்து நின்றுதான் கதை சொல்ல வேண்டும். யாராவது மணலில் தள்ளிப் போய்விட்டார்களா என்று தலையை எண்ண வேண்டும். இத்தனை வருடமும் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இறங்கியிருக்கிறது. மற்ற நாட்களில் அந்த நேரத்தில் நான் கீழே, மணலில் ஓட்டக் காற்றைக் குறைத்த டயருக்கு மறுபடி காற்று அடித்துக்கொண்டிருப்பேன், கவனித்ததே இல்லை.

அண்ணி அவரையே பார்த்தார். சண்டைக்கென்று கட்டிக்கொண்டு வந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது.

"அடப்பாவமே" என்று பக்கத்து மணலைத் தட்டினார். "மைக்கைத் தம்பிகிட்ட கொடுத்துட்டு வந்து உட்காருங்க."

மைக் என் கைக்கு வந்தது. எனக்கு என்ன பேசத் தெரியும்? "எல்லாரும் அங்க பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சீசன்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார், "இது ஏன் இவ்வளவு சிவப்பா இருக்குன்னா…"

"வாயை மூடிக்கிட்டுப் பாருங்க" என்றார் அண்ணி.

மூடிக்கொண்டார். வெளிச்சம் போய், பயணிகள் உடம்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு வேனுக்கு நடந்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிடப் போனேன்.

சீசன்காரர் அண்ணியிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமையும் வரலாமா?"

"என்னைக் கேட்டா? சீட் இருக்கான்னு டிரைவரைக் கேளுங்க."

சீசன் முடிகிறவரை எங்கள் வேனில் ஒரு சீட்கூட மிச்சமில்லை. "ரெண்டு இருக்கு அண்ணி" என்றேன்.