ஸ்வெட்டருக்குள் இருந்த கோடுகள்

கோடு போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களை எங்கள் ஸ்டூடியோ மாடிக்கு அனுப்பி வையுங்கள். ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், மூச்சு வாங்க வைக்கும் படிக்கட்டு. ஏறி வந்தால் ஜன்னலோரம் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் கால் ஆடும் நாற்காலி, அதில் நான். கல்யாண ஆல்பம் செய்வது என் வேலை. மாமாக்களின் தொந்தியைக் குறைப்பேன், மாப்பிள்ளையின் பருவை எடுப்பேன், தாலி கட்டும் நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டவரின் வாயை மூடி வைப்பேன். இதையெல்லாம் செய்து தருவதாக வாக்குக் கொடுப்பது எங்கள் முதலாளி. "பண்ணிக் குடுத்துடலாமுங்க" என்று சொல்வதுதான் அவர் செய்யும் தொழில். யார் பண்ணப் போகிறார்கள் என்று மனுஷன் ஒரு நாளும் யோசித்தது கிடையாது.

அப்படி ஒரு ஆவணி மாத மழைநாளில் அவர் என் தலையில் கட்டியதுதான் அந்த ஸ்வெட்டர்.

பக்கத்து எமரால்டு கிராமத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணம் தை மாதம் ஊட்டியில் நடந்தது. தையில் நடந்த கல்யாணத்துக்கு ஆவணியில் ஆல்பமா என்று என்னைக் கேட்காதீர்கள், முதலாளியைக் கேளுங்கள். ஒரு பை கேரட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கேரட்டோடு வருபவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு பயம் உண்டு. சும்மா யாரும் கேரட் தூக்கிக்கொண்டு மாடி ஏற மாட்டார்கள்.

"ஏனுங்க அம்மணி, மேடையில எடுத்த படத்துல எல்லாம் இந்த ஸ்வெட்டரை எடுத்துப்போடணும்."

படத்தைப் பார்த்தேன். உறைபனி கொட்டிய விடியற்காலை முகூர்த்தம். அம்மா மணமேடையில் நிற்கிறார், கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட மெரூன் ஸ்வெட்டரோடு. புடவை தெரிவது இடுப்புக்குக் கீழே மட்டும்தான். பக்கத்தில் பெண்ணின் அம்மா, கோயம்புத்தூர்க்காரர். வெறும் பட்டுப் புடவையோடு தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"எதுக்குங்க எடுக்கணும்? நம்ம ஊர்ல ஸ்வெட்டர் இல்லாத கல்யாண போட்டோ எங்கீங்க இருக்குது?" என்றேன்.

அம்மா குரலைத் தாழ்த்தினார். அந்தப் புடவை கோயம்புத்தூர் சம்பந்தி எடுத்துக் கொடுத்தது. மாப்பிள்ளையின் அம்மா முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து, பிளவுஸும் அங்கேயே தைத்து அனுப்பியிருந்தார். கல்யாணத்தன்றிலிருந்தே அந்தச் சம்பந்தி இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"புடவையை ஸ்வெட்டர் போட்டு மூடிட்டேனுங்க. புடிக்கலைன்னு நெனச்சுட்டாங்க. இப்ப மருமக மாசமா இருக்குது, அடுத்த வாரம் எங்கூட்டுல வளைகாப்பு. நான் மலையேற மாட்டேன், காரை அனுப்பறேன், புள்ளையை ஏத்தி அனுப்புங்கன்னு சொல்லிப்போட்டாங்க. பெத்த தாயி வந்து வளையல் பூட்டாம என்ன வளைகாப்புங்க? அந்தப் புள்ளைக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

மருமகள் அழுது கெஞ்சியதில், தங்களுக்கு வேண்டிய படங்களைப் பொறுக்க மட்டும் சனிக்கிழமை ஸ்டூடியோவுக்கு வர ஒப்புக்கொண்டாராம். வந்த வேலை முடிந்ததும் அப்படியே இறங்கிவிடுவாராம். அதற்குள் படத்தில் புடவை பளபளவென்று தெரிய வேண்டும்.

"பண்ணிக் குடுத்துடலாமுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்து முறைத்தேன். முதலாளி டீ சொல்லப் போய்விட்டார்.

ஸ்வெட்டரை அழிப்பது பெரிய காரியமில்லை. அழித்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. அது கோடு போட்ட புடவை. மஞ்சள், பச்சை, மஞ்சள், பச்சை என்று உடம்பு முழுக்க ஒரே அளவில் ஓடும் கோடு. புடவையையும் பிளவுஸையும் கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் புடவை வந்தது. பிளவுஸ் வரவில்லை.

"அது எதுக்குங்க அம்மணி? பச்சைன்னு போட்டுக்குங்க."

"எந்தப் பச்சைங்க?"

"பச்சைன்னா பச்சைதானுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு கோடாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றை வரைந்து, நகல் எடுத்து, தள்ளி வைத்து, மறுபடி நகல். பத்துக் கோடு தாண்டுவதற்குள் இடைவெளி ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, உருளைக்கிழங்குப் பாத்தி பார்க்கும் கண்ணால் பார்த்து, "மூணாவது சாஞ்சிருக்குது" என்றார். எரிச்சலில் எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு புத்தி வந்தது. ஒரே ஒரு கட்டம் செய்தேன், பாதி பச்சை, பாதி மஞ்சள். அதைப் பேட்டர்ன் என்று சேமித்து, ஸ்வெட்டர் இருந்த இடத்தில் மொத்தமாக ஊற்றினேன். ஒரு சொடுக்குத்தான். அம்மா உடம்பு முழுக்க கோடு, எள்ளளவு பிசகாமல், சம இடைவெளியில்.

பார்த்தால் மலையடிவாரத்துக் கல்லாறு செக்போஸ்ட்டில் வண்டியை மறிக்கும் கோடு போட்ட கட்டைக்குத் தலை முளைத்தது போல் இருந்தது.

பின்னே? உடம்பென்றால் வளைவு இருக்கும், தோளில் மடிப்பு இருக்கும், கோடும் அதோடு வளைய வேண்டும். வளைத்தேன். தோளில் இறக்கி, மார்பில் ஏற்றி, இடுப்பில் சுற்றி, நிழல் கொடுத்து, கொசுவத்தின் நிஜக் கோட்டோடு நூல் பிடித்துச் சேர்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா அலறினார்.

"அய்யய்யோ! நல்லா நேரா இருந்ததை ஏனுங்க கோணலாக்கிப்போட்டீங்க?"

"உடம்பு அப்படித்தானுங்க இருக்கும்."

"யாரு உடம்பு? எனக்கு எங்கீங்க இவ்வளவு வயிறு? பழையபடி நேரா ஊத்துங்க. அப்படியே கொஞ்சம் ஒல்லியாவும் ஊத்திப்போடுங்க."

நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே! முதலாளி வேறு, "கஸ்டமர் சொல்றபடி செய்யம்மா" என்று எடுத்துக் கொடுத்தார். சரி, எனக்கென்ன வந்தது? செக்போஸ்ட் கட்டையையே இளைக்க வைத்து, எல்லா மேடைப் படத்திலும் நட்டு வைத்தேன். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இஸ்திரி போட்ட மாதிரி இருக்குதுங்க" என்று பூரித்துப் போனார்.

சனிக்கிழமை மழை சாரலாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் எமரால்டு அம்மாவும் மருமகளும் வந்தார்கள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்ததைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அம்மா உடம்பில் அதே மெரூன் ஸ்வெட்டர். பின்னாலேயே கோயம்புத்தூர் சம்பந்தி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே, "சீக்கிரம் காட்டுங்க, இருட்டறதுக்கு முன்னால கீழ எறங்கணும்" என்றார்.

மேடைப் படத்தைத் திறந்தேன். சம்பந்தி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க, ஸ்வெட்டர் எங்கீங்க?"

நான் எமரால்டு அம்மாவைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்தார்.

"ஏது ஸ்வெட்டருங்க?" என்றார், அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு.

வந்ததே கோபம் சம்பந்திக்கு! "அப்ப எனக்குத்தான் பைத்தியமா? கல்யாணத்துக்கு முன்னால போன் போட்டுக் கேட்டேன், குளிருமுங்களா, ஸ்வெட்டர் எடுத்துட்டு வரட்டுமான்னு. ஸ்வெட்டரெல்லாம் எதுக்குங்க, இந்த வருஷம் குளிரே இல்லைன்னு பெருமை அடிச்சீங்க. நம்பி வெறும் பட்டுல வந்தேன். பாத்தா நீங்க மட்டும் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுட்டு நிக்கறீங்க! எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் அந்த ஸ்வெட்டரைக் குடுங்க சம்பந்தின்னு வாய் விட்டுக் கேட்டேன். பட்டனைப் புடிச்சுட்டு மாட்டேன்னு நின்னீங்க. அதையும் இப்ப அழிச்சுப்போட்டு, நான் கேக்கவே இல்லைங்கற மாதிரி பண்றீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் புடவை மேல் கோபமே இல்லை! கோபமெல்லாம் ஸ்வெட்டர் மேல். அதைத்தான் நான் நாள் கணக்காக உட்கார்ந்து, தடயமே இல்லாமல் அழித்து வைத்திருக்கிறேன்.

சம்பந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "வளைகாப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கெளம்பு கண்ணு, இப்பவே ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா…" என்றாள் அந்தப் பெண். கண்ணீர் மாலை மாலையாகக் கொட்டியது. அம்மா ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம், நடுவில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் கேரட் பையைத் தள்ளி வைத்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன்.

எமரால்டு அம்மா அவளையே பார்த்தபடி நின்றார். பிறகு ஒரே மூச்சில் கத்தினார்.

"ஹூக்கு சேரலீங்க!"

"என்னது?"

"நீங்க தெச்சுக் குடுத்த பிளவுசு. ஒரு ஹூக்கு கூட சேரலை. பின்னால ஹூக்கு வெச்ச பிளவுசு, முதுகு முழுசா தெறந்து கெடந்துச்சு. ஊக்கு மேல ஊக்கா குத்தி நிக்கறேன். வேற பிளவுசு போட்டா, குடுத்ததைப் போடலைன்னு வருத்தப்படுவீங்க. ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுத்திருந்தா அத்தனை சனத்துக்கு முன்னால என் மானம் போயிருக்குமுங்க! குளிருக்கா போட்டேன்? உள்ள எனக்கு வேத்து ஊத்துச்சு!"

சம்பந்தி மெதுவாகக் கேட்டார். "அளவு பிளவுசு நீங்கதானே குடுத்துவிட்டீங்க?"

எமரால்டு அம்மா தரையைப் பார்த்தார். "அது… பையன் காதுகுத்துக்குத் தெச்சதுங்க."

சம்பந்தியின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். குபீரென்று சிரித்தார். பையைக் கீழே போட்டுவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க டெய்லர் கேட்டாருங்க! இது சம்பந்தியம்மாவுக்கா, கல்யாணப் பொண்ணுக்கான்னு. எனக்கு வயித்தெரிச்சல் வேற, இந்த வயசுல என்னா உடம்பு வெச்சிருக்காங்கன்னு!"

மருமகள் அழுகையும் சிரிப்புமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, புள்ள உதைக்குது" என்றாள். முதலாளி எதற்கென்றே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சிரித்து ஓய்ந்தபின் சம்பந்தி ஸ்கிரீனைக் காட்டினார். "அம்மணி, இந்தக் கோட்டையெல்லாம் எடுத்துப்போட்டு அவங்க ஸ்வெட்டரைத் திருப்பி மாட்டுங்க. எனக்கும் ஒண்ணு மாட்டி விடுங்க. ஆல்பத்துலயாவது நான் நடுங்காம நிக்கறேன்."

"பண்ணிக் குடுத்துடலாமுங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்த முதல் தடவை. முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கட்டம் தயாராகத்தானே இருந்தது? படத்தில் பக்கத்தில் நிற்கும் சம்பந்திக்கு ஒரு ஸ்வெட்டர் வெட்டி, பச்சையும் மஞ்சளுமாக ஊற்றினேன், எள்ளளவு பிசகாமல், சம இடைவெளியில். ஸ்வெட்டருக்கு வளைத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் அடம் பிடிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது சாரல் படிக்கட்டு வரைக்கும் அடித்தது. சம்பந்தி தோளைக் குறுக்கினார், படத்தில் நின்றது போலவே. எமரால்டு அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பட்டனைக் கழற்றி, ஸ்வெட்டரை எடுத்துச் சம்பந்தியின் தோளில் போட்டார். சம்பந்தி அதைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு படி இறங்கினார். இறங்கிக்கொண்டே கோயம்புத்தூரில் இருக்கும் தன் நாத்தனாருக்குப் போன் போட்டுப் பேசியது மேலே எனக்குக் கேட்டது.

"ஆமாங்க, வளைகாப்பு எமரால்டுலதான். எல்லாரும் வந்துருங்க. ஸ்வெட்டரா? அதெல்லாம் எதுக்குங்க, குளிரே இல்லை!"