இலையில் வைத்த சிகரெட்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஆறு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துத்தான் வளர்த்தேன், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. எழுத்துக் கூட்டி எழுதுவேன். இதைச் சொல்ல அது போதும்.

இந்த நாட்டில் சிகரெட்டை அடியோடு ஒழிக்க வேண்டும். விலை ஏற்றுகிறோம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம் என்பதெல்லாம் ஏமாற்று. பெட்டியின் மேல் அழுகின புண்ணைப் படம் போட்டு, அதே பெட்டியைக் கடையில் அடுக்கி வைக்கிறார்கள். விஷம் என்று எழுதி ஒட்டி அரிசி விற்கிறவனை ஏற்காட்டு பஜாரில் ஒரு நாள் விட்டு வைப்போமா?

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கிறவர். எவ்வளவு உயர மரமானாலும் ஏறிவிடுவார். கடைசி வருஷம் வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. நெஞ்சு முழுக்கப் புகை என்றார் சேலத்து டாக்டர். அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்கி அலைந்து, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார்.

அவர் இறந்த நாள் திரும்பி வந்தபோது வருஷப் படையல் போட்டோம். செத்தவருக்கு உயிரோடு இருக்கையில் என்ன பிடிக்குமோ அதை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் வைத்தேன். என்னோடு இருக்கிற கடைசி மகன், ஜீப் ஓட்டுகிறவன், பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்தான். ஒன்றைப் பற்ற வைத்து இலை ஓரத்தில் வைத்தான். வைக்கும்போதே இருமினான். அந்த இருமல் எனக்குத் தெரியும். அவன் அப்பனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"எத்தன வாங்குன சாமி?"

"ஒரு பாக்கெட்டுங்கம்மா."

"உங்கப்பனுக்கு ஒண்ணு. மிச்சம் ஒம்பது யாருக்கு?"

அவன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சொம்புத் தண்ணீரை எடுத்து இலையில் இருந்ததை அணைத்தேன். பெட்டியைப் பிடுங்கி மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துச் சேற்றில் போட்டு மிதித்தேன்.

வீட்டுக்காரரின் அண்ணன் எழுந்தார். அவர் காதில் பாதி பீடி செருகியிருந்தது.

"அம்மிணி, ஆசப்பட்டதக் குடுக்கலீன்னா காக்கா சோறு எடுக்காது, பாத்துக்க."

"அவரக் கொன்னதே அதுதானுங்க மாமா. கொன்னவனக் கூப்புட்டு இலைக்குப் பக்கத்துல உக்கார வெப்பீங்களா?"

கூரை மேல் சோறு வைத்தோம். காக்கை எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். காக்கை வரவில்லை. அன்று பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, காக்கை எங்கே வரும்? அதை யாரும் சொல்லவில்லை. குழந்தைகள் பசியில் சிணுங்கின.

"தம்பி கோவிச்சுக்கிட்டான். ஒண்ணே ஒண்ணு பத்த வெய்யி, வந்துரும்" என்றார் மூத்தவர்.

"கோவிச்சுக்கட்டுங்க. இருக்கையிலயே அந்தக் கோவத்துக்கு நா நொம்ப பயந்தவ இல்லீங்க."

காக்கைக்கு முன்னால் குழந்தைகளுக்குப் போட்டேன். எங்கள் வம்சத்தில் யாரும் செய்யாதது. மூத்தவர் சாப்பிடாமல் போனார். போகட்டும்.

மகன் மட்டும் தலை குனிந்தபடி சாப்பிட்டான். பிறகு சொன்னான்: "நீங்க சொல்ற மாதிரி தடை போட்டா திருட்டுத்தனமா விப்பாங்கம்மா."

"கஞ்சாவையுந்தான் தடுத்து வெச்சிருக்காங்க. அதத் தேடிப் போயி வாங்கறியா?"

"ச்சே, இல்லீங்க."

"அப்ப இதுக்கும் போக மாட்ட."

அவன் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது சட்டையில் அதே நாற்றம்.

வளர்ந்த ஆள், அவனே விடட்டும் என்கிறார்கள். அவன் அப்பனும் வருஷா வருஷம் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயில் ஏறி, விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தவர்தான். இறங்குகிற வழியில் கடை இருந்தது. என் வீட்டு இலையில் இருப்பதை நான் எடுத்து எறிவேன். அந்தக் கடையில் இருப்பதைச் சர்க்கார்தான் எடுக்க வேண்டும். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். இன்னொன்றைக் கொடுக்க மாட்டேன்.

"கண்ணு, பாட்டி எழுதுனத ஒருக்காப் படிச்சுக் காட்டு. நல்லா சத்தமாப் படி. உங்கப்பன் வெளிய ஜீப்பக் கழுவிக்கிட்டு இருக்கறான்."